நாற்பது வாட் சூடு

எழுபத்து மூன்றில், ஐப்பசி மழை கொட்டிய ஒரு மத்தியானம், கண்ணுகளா. அடையாற்றில் சின்னதாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. எட்டாம் மாதமே பிறந்துவிட்ட ஒரு குழந்தை, கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு நாற்பது வாட் பல்புகளின் சூட்டில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. ஊரில் கரண்ட் இல்லை. கொல்லையில் ஓடிய டீசல் ஜெனரேட்டர்தான் அந்தப் பல்புகளை எரியவைத்தது.

திடீரென்று பல்பு மங்கியது.

குழந்தையின் அப்பா தனபாலன், தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர், மழையில் செருப்பில்லாமல் கொல்லைக்கு ஓடினார்.

"லைட்டு அணையப் போவுது! வோல்ட்டக் கூட்டும்வே!"

ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் ராஜரத்தினம் வோல்ட் முள்ளைப் பார்த்தான். இருநூற்று முப்பதில் நிற்க வேண்டியது, இருநூறு. அவசரத்தில் அவனும் வோல்ட்டைக் கூட்டும் திருகைத் திருப்பிவிட்டான். பல்பு பளிச்சென்றது. தனபாலன் மூச்சு விடுவதற்குள் இஞ்சின் கரும்புகை கக்கித் திணறியது. இஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் சைக்கிள் முள், ஐம்பதில் நிற்க வேண்டியது, நாற்பத்தைந்து, நாற்பத்து நாலு என்று வழுக்கியது.

"இன்னாத்தையோ இழுக்குதுபா. வோல்ட்டு ஏத்துனா இன்னும் ஜாஸ்தி இழுக்கும். சுத்து கொறஞ்சா இஞ்சினுக்கு கீற தெம்பும் பூடும்." சொல்லிக்கொண்டே திருகை எதிர்ப்பக்கம் திருப்பினான்.

உள்ளேயிருந்து நர்ஸ் கமர் ஜஹான் கத்தினாள்: "பல்பு செவந்துபோச்சு! புள்ள காலு சில்லுனு இருக்கு!"

தனபாலன் ராஜரத்தினத்தின் சட்டையைப் பிடித்தார். "கொறைக்கீராவே? எம் பிள்ளையக் கொல்லவா பாக்கீரு?"

"கைய எடு நைனா! இஞ்சின் நின்னா மொத்தமும் பூடும். மொதல்ல அது மூச்சு வுடட்டும், சண்டைய அப்பால வச்சிக்கலாம். உள்ள எவன் இன்னா சொருகி வச்சிக்கினு கீறான்னு ஓடிப் பாரு!"

தனபாலனின் பிடி தளர்ந்தது.

"வெந்நி..." என்றார்.

பிள்ளை பெற்ற உடம்புக்குச் சுடச்சுட வெந்நீர் ஊற்ற வேண்டும் என்று ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஜெனரேட்டர் ஓடுகிற தைரியத்தில், சற்று முன்புதான் மனைவி சண்முகவடிவுக்காகக் குளியலறை வாளியில் ஹீட்டர் கம்பியைப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

ஓடினார். பிளக்கைப் பிடுங்கினார். அடுத்த நொடியே கொல்லையில் இஞ்சின் சத்தம் மாறியது. இருமல் நின்று, ஒரே சீராகத் தடதடத்தது. ராஜரத்தினம் சைக்கிள் முள் ஐம்பதுக்கு ஏறும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் வோல்ட்டைக் கூட்டினான்.

பெட்டிக்குள் வெளிச்சம் மஞ்சளாகி, வெளுத்தது. கமர் ஜஹான் கையை உள்ளே விட்டு அந்தப் பிஞ்சுக் காலைப் பிடித்தபடியே இருந்தாள். பத்து நிமிஷம்.

"சூடு வருது," என்றாள்.

தனபாலன் கொல்லைக்கு வந்து, ஈரம் சொட்டும் கம்பியை ராஜரத்தினத்திடம் நீட்டினார். "இத நீரே வச்சுக்கிடும்."

"சண்ட போடல நைனா?"

கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்தத் தடதடப்பில் ஒரு துடிப்பாவது தவறுகிறதா என்று தனபாலன் காது கொடுத்தபடி மழையில் நின்றார்.