விடுமுறை நாளில் அளந்த மின்சாரம்

என் அக்காவின் கணவர் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் ஆலை வைத்திருக்கிறார். அங்கே ஒரு சட்டம் உண்டு: இயந்திரம் ஓடும்போது மின்சாரப் பேனலை யாரும் திறக்கக் கூடாது, உற்பத்தி கெட்டுவிடும். மின்கட்டணத்தில் அபராதம் விழாமல் இருக்க அந்தப் பேனலில் மாட்டியிருக்கும் கெப்பாசிட்டர் வெடிக்கும்போதெல்லாம், அத்தான் நிபுணர்களை விடுமுறை நாளாகப் பார்த்துத்தான் வரவழைப்பார். அவர்களும் ஆளில்லாத கூடத்தில் மீட்டரை மாட்டி, மின்சாரம் சுத்தமோ சுத்தம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தூங்குகிற பிள்ளையைப் பார்த்து, இவனுக்குச் சேட்டையே கிடையாது என்று சான்றிதழ் கொடுக்கும் மேதாவிகள்.

மின்சாரத்தில் குற்றமில்லை என்றால் மனிதனிடம்தானே இருக்க வேண்டும்? ஆலையின் எலக்ட்ரீஷியன் நட்டைச் சரியாக முடுக்கவில்லை என்று எல்லாரும் சேர்ந்து தீர்ப்பெழுதினார்கள். வாய் ஓயாமல் பேசுவதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். அவரை உத்தமர் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு ஃபியூஸ் மாற்றுவதற்குள் ஊர்க்கதை அத்தனையும் சொல்லி முடிப்பார். மதியத்துக்கு மேல் தேடினால் குறட்டையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் நட்டு முடுக்கத் தெரியாதவர் அல்ல. பேனலை வெடிக்க வைத்தவன் என்ற பேரோடு வெளியே போனால், இந்தத் தொழிலில் அவரை எவனும் உள்ளே விட மாட்டான்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. போனில் கூப்பிட்டாள்.

"நீ இதைத்தானே படிச்சே? ஒரு தடவை வந்து பாரேன்டி. பாவம், அந்த மனுஷனை வீட்டுக்கு அனுப்பிடுவாரு போல."

மின்சாரத்தின் தரத்தை அளப்பதுதான் என் பிழைப்பு. வேலை நாளாகப் பார்த்தே போய் நின்றேன். அத்தான் வாசலிலேயே மறித்தார்.

"லீவு நாள்ல வாயேன் மச்சினி."

"காய்ச்சல் அடிக்கிறப்பதான் அத்தான் தெர்மாமீட்டர் வைக்கணும்."

"இனிமே எதுவும் வேண்டாம். ரேடியோவைக் காலையிலேயே அனுப்பியாச்சு. பிரச்சினை முடிஞ்சுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவேளை, அக்கா உள்ளேயிருந்து வந்து, "அவ பார்த்துட்டுத்தான் போவா" என்றாள். அத்தான் உடனே வழிவிட்டார். வெளியில் புலி, வீட்டில் எலி.

மீட்டரை மாட்டியதும் சிரிப்புதான் வந்தது. வழுவழுவென்று ஏறி இறங்க வேண்டிய மின் அலை ரம்பப் பல்லாக நின்றது. காரணம், அத்தான் பெருமையோடு வாங்கிப் போட்ட டிரைவ்கள், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிகள். அவை மின்சாரத்தைச் சீராகக் குடிக்காது, மடக் மடக்கென்று விழுங்கும். அப்போது நல்ல அலையின் முதுகில் ஐந்து மடங்கு, ஏழு மடங்கு வேகத்தில் குட்டி அலைகள் ஏறிக்கொள்ளும். ஹார்மோனிக்ஸ் என்பது அதுதான். கெப்பாசிட்டரும் ட்ரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்தால் ஓர் ஊஞ்சல். அதற்கென்று ஒரு வேகம் உண்டு. அதே வேகத்தில் ஒரு குட்டி அலை வந்து தள்ளினால் ஊஞ்சல் கூரையை இடிக்கும். இதில் அத்தானின் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், ஒன்று வெடித்ததும் "தாங்கல போல" என்று அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கி மாட்டுவார். பெரிதாக ஆக ஊஞ்சலின் வேகம் இறங்கி, கடைசியில் ஐந்தாம் அலையின் வேகத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றிவிட்டு, தீப்பிடித்ததற்கு ரேடியோவைத் திட்டியிருக்கிறார்.

கெப்பாசிட்டர்களை அணைத்தேன். திரையில் அலை பெருமளவு அடங்கியது. பேனலின் உறுமலும் நின்றது.

"அந்தக் குட்டி அலையை உள்ளே விடாத தடுப்புச் சுருள் வாங்கி மாட்டுற வரைக்கும் இதைப் போடாதீங்க. அந்த மனுஷன் மேல தப்பே இல்ல, திரும்பக் கூப்பிடுங்க" என்றேன்.

அத்தான் தலையை ஆட்டினார். தலையாட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சுருள் வந்துவிட்டது என்று தகவல் தெரிந்து, மாட்டுவதற்காக மறுபடி போனேன். அதுவரை எதுவும் வெடிக்கவில்லை. ரேடியோவை மட்டும் காணோம். அத்தான் கூடத்தின் நடுவில், இயந்திரக்காரர்கள் எல்லாரும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"பார்த்தியா மச்சினி? அவன் போனான், வெடிக்கிறதும் நின்னுபோச்சு. என் கணிப்பு தப்புமா?"

"நான் கெப்பாசிட்டரை அணைச்சது?"

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இங்கே முதலாளியே காக்கையாகிவிட்டார், சுற்றி நின்றவர்களும் ஆமாம் போட்டார்கள். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் நேராகப் பேனலுக்குப் போய்க் கெப்பாசிட்டர் சுவிட்சைப் போட்டேன். பழைய உறுமல் கிளம்பியது. ஆமாம் போட்டவர்கள் ஆளுக்கொரு பக்கம் விலகினார்கள்.

"ஏய், ஆஃப் பண்ணு! வெடிச்சிடும்!"

"எப்படி அத்தான் வெடிக்கும்? நட்டு முடுக்காதவர்தான் போயிட்டாரே."

"விளையாடாதே!"

"அவருக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

கொஞ்ச நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். அத்தானுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அட்டைக்கட்டுகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று எண்ணை அழுத்தினார்.

"நாளைக்கு வேலைக்கு வந்துடுப்பா" என்று உறுமலுக்கு மேலே கத்தினார். என்னைப் பார்த்தார். நான் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. "தப்பு உன்னுது இல்ல. என்னுதுதான்."

ரேடியோவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"முதலாளி, அந்தச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. நான் வீட்லதான் இருக்கேன். இந்தத் தடவை யாரை வீட்டுக்கு அனுப்பப் போறீங்க?"

நான் சுவிட்சை அணைத்தேன். பேனல் அடங்கியது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பதிலுக்காக அத்தானின் முகத்தைப் பார்த்தார்கள்.