மூன்றாம் போகம்

எதிர்வீட்டுப் பெரியவர் கொஞ்ச நாளாக, அடுத்த வீட்டிலேயே இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் பழமும் பையுமாகப் போய் வருகிறார். தம்பி பிள்ளைகளுக்கு ஒரு மிட்டாய்கூட வாங்கித் தந்தறியாத மனிதர்! எங்கோ உறுத்துகிறது என்று அப்போதே நினைத்தேன்.

எங்கள் பக்கம் இரண்டு போகம் நெல் எடுத்ததும் வயலைக் காயப்போட்டுவிடுவோம். தின்ன ஒன்றுமில்லாமல் பூச்சிகள் ஒழியும். பெரியவர் மட்டும் இந்த வருஷம் மோட்டார் வைத்து மூன்றாவதும் நட்டார். நெருக்கி நட்டு, யூரியாவை வாரிக் கொட்டி, மருந்தாக அடித்ததில் பூச்சியைத் தின்னும் சிலந்திகள்தான் முதலில் செத்தன. ஆனாலும் விளைச்சல் அமோகம். மனிதரின் நடையே மாறிப்போனது.

அவர் அறுத்த கையோடு, வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பி அடுத்த வருஷத்து முதல் போகத்துக்கு நட்டிருந்த இளம்பயிரில் புகையான் இறங்கிவிட்டது. பயிரின் அடித்தூரில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சி. பயிர் வட்டவட்டமாகத் தீய்ந்து கிடக்கிறது.

இன்று காலை தம்பி வீட்டு வாசலில் ஒரே சத்தம். நான் காய்ந்த துணியையே மறுபடி கொடியில் போட்டுக்கொண்டு நின்றேன்.

"அந்த விதைக்கடைக்காரனை சும்மா விடக்கூடாது. மாமா, நீங்களும் கூடப் போய் நல்லா கேளுங்க," என்றாள் தம்பி மனைவி, பெரியவரைப் பார்த்து.

தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு, "வாண்ணே," என்றான்.

"விதை நல்ல விதைதான்டா. பூச்சி என் வயல்லேருந்து வந்தது."

"வந்தா வரட்டும். தெரியாம நடந்ததுக்கு நீ என்ன பண்ணுவே?"

அங்கேயே வாயை மூடியிருந்தால் மனிதர் தப்பித்திருப்பார்.

"தெரியும்டா. அறுப்புக்கு முன்னாடியே தூரைத் தட்டிப் பார்த்தேன். தண்ணியில பூச்சி பொலபொலன்னு கொட்டுச்சு. வெளியே சொன்னா, மூணாவது போடாதேன்னவங்க எல்லாம் சிரிப்பாங்களேன்னு..."

எனக்கே கை அப்படியே நின்றுவிட்டது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே தண்ணியை வடிச்சுப் பயிரைக் காப்பாத்தியிருப்பேனேண்ணே," என்றான் தம்பி. குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பெரியவரை அடித்தது போலிருந்தது.

தம்பி சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். "இவ நேத்து நடுக்கடையில அந்த ஆளைத் திருடன்னு கத்திட்டு வந்திருக்கா. அத்தனை பேரும் கேட்டாங்க. அங்கேயே போய் நீ சொல்லு."

"எல்லார் முன்னாடியுமா?"

"ஆமா."

பெரியவர் செருப்பை மாட்டக் காலால் துழாவினார். இடது வலது மாறிப்போனது. மாற்றாமலேயே கடைத்தெருவை நோக்கி நடந்தார்.