சிதோனி என்றொரு பேர்

"சிதோனியோ? சீதனம் கேக்கிற மாதிரியெல்லே கிடக்கு" என்றாள் ஞானம்மா, பிள்ளைக்கு வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டே.

"பகிடி விடாதேங்கோ மச்சாள். ஒருக்கால் சொல்லிக் காட்டுங்கோ" என்றாள் இரஞ்சிதம்.

"கோயிலில போய்ச் சொல்லுறன்."

"இப்ப சொல்லுங்கோ."

"அம்மாவின்ரை பேர் அன்னம்மா. பேத்திக்கு அதைத்தானே வைக்கிறது? கன்னியர் மடத்தில உனக்குத் தையல் படிப்பிச்ச பிரெஞ்சு மதரின்ரை பேர் எங்கட வீட்டுக்கு என்னத்துக்கு? பிரான்சிலயே இப்ப ஒருத்தரும் வைக்காத கிழட்டுப் பேரெண்டு அவவே சொன்னவவாம்."

"அதுக்காகத்தான் கேக்கிறன்."

ஞானம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்திப் பேர் சொல்லும் ஞானத்தாய் அவள்தான். அவளின் தம்பி, இரஞ்சிதத்தின் புருசன் மனுவேல், குடையோடு பின்னால் போனார். பெற்றவள் நாற்பது நாள் கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது. இது பதினோராம் நாள். பிள்ளையின் பேர் இப்போது மச்சாளின் வாயில் இருந்தது.

துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மா கதிரையை இழுத்துப் போட்டார்.

"இரிங்க மகள். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடந்து நடந்து நிலம் தேயப் போகுது."

"அவ அன்னம்மா எண்டுதான் சொல்லப்போறா."

"அதும் நல்ல பேர்தானே."

"இந்த அம்பிட்டிய ஊரில மட்டும் எட்டு அன்னம்மா இருக்கு, உம்மா." இரஞ்சிதம் திரையை விலக்கினாள், மூடினாள். "மலேரியா வருசம் என்ரை மூத்தவள் பிறந்த கையோட செத்ததுதானே. உயிர் போக முந்தி மருத்துவிச்சி அவசரத்தில ஞானஸ்நானத் தண்ணி ஊத்தி மரியா எண்டு பேர் வச்சா. நான் எழும்பி, பிள்ளையைப் புதைச்ச சேமக்காலைக்குப் போனா, ஒரே வரிசையில ஆறு குட்டிச் சிலுவை. ஆறிலயும் தாரால மரியா எண்டு கிடக்கு. மழைக்கு விழுந்ததுகளைக் காவல்காரன் தன்ரை எண்ணத்துக்கு நட்டுவிட்டான். என்ரை பிள்ளை எதுக்குள்ள எண்டு தெரியாது. ஆறுக்கும் மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வாறன்."

ஹவ்வா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டார். பிறகு கேட்டார்: "கோயில்ல பேரை எங்க வச்சுக் கேக்கிற? உள்ளுக்கா?"

"இல்லை, வாசலில. பேரைக் கேட்டு, செபம் சொல்லித்தான் பிள்ளையை உள்ள கொண்டுபோவினம்..."

இரஞ்சிதம் நடப்பதை நிறுத்தினாள்.

"வாசலெண்டா வெளியிலதானே, உம்மா?"

"வாசல் வெளியதான். வேணாம் மகள், மழை. சொன்னாக் கேக்கவா போறீங்க. நில்லுங்க, குடைய எடுக்கிறன்."

ஹவ்வா உம்மா குடை பிடித்து வர, இரஞ்சிதம் கோயில் ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். கோயில் வாசலில் வெள்ளைக்காரச் சாமியார் புத்தகத்தை விரித்து, "பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்பது படியடியிலேயே கேட்டது.

"மச்சாள்" என்றாள் இரஞ்சிதம்.

மனுவேல் திரும்பினார். "உமக்கென்ன விசரோ?"

"நான் உள்ள வரேல்லை. மழைக்குள்ளதான் நிக்கிறன்."

சாமியார் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "தாய் அங்கே நிற்கலாம். பேரை ஞானத்தாய்தான் சொல்ல வேண்டும்."

"ஏனடி உனக்கு இவ்வளவு அந்தரமும் துடிப்பும்?" என்றாள் ஞானம்மா.

"ஆறு மெழுகுதிரி போதும் மச்சாள்."

ஞானம்மாவும் இரண்டு முறை அவளோடு சேமக்காலைக்குப் போயிருக்கிறாள். ஏன் ஆறு என்று கேட்டதில்லை. பிள்ளையை மற்றக் கைக்கு மாற்றினாள். சாமியார் புத்தகத்தில் விரலை வைத்துக் காத்திருந்தார்.

"சிதோனி" என்றாள் ஞானம்மா. "சிதோனி அன்னம்மா. இரண்டும் எழுதுங்கோ, சாமி."

செபம் முடிந்து அவர்கள் உள்ளே போனார்கள்.

"முடிஞ்சிச்சா?" என்றார் ஹவ்வா உம்மா.

"ஓம்."

"அப்ப இந்தப் படியில குந்துங்க."

இரஞ்சிதம் குந்தவில்லை. உள்ளே தண்ணீர் பட்டுப் பிள்ளை வீரிட்டது. அவள் கதவு நிலையைப் பிடித்து ஒரு காலைத் தூக்கினாள். பிறகு அதை வெளியிலேயே வைத்தாள்.