ஓடைக்கு இந்தப் பக்கத்து நிரை

மலாயாவில், குளுவாங் ஊரிலிருந்து மாட்டுவண்டிப் பாதையில் வெகுதூரம் உள்ளே போனால் வரும் தோட்டம் அது. விடியற்காலையில் அங்கே பனி இறங்கினால் ரப்பர் மரம் எது, ஆள் எது என்று தெரியாது. பக்கத்தில் நிற்பவள் இருமினால்தான் அவள் இருப்பதே தெரியும். அந்தப் பனிக்குள்தான் செல்லம் தினமும் கைப்பிள்ளையைப் பிள்ளைக் கொட்டகையில் விட்டுவிட்டு, பட்டையைக் கீறி ரப்பர்ப் பால் எடுக்கும் பால்வெட்டுக்குப் போனாள். போனது உடம்பு மட்டும்தான். மனசு கொட்டகைத் தொட்டிலிலேயே கிடந்தது.

பிள்ளை பெயர் சந்திரமதி. பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மகாராணிக்கு அத்தனை பிடிவாதம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கருப்பாயி, தோட்டத்தில் கொடுக்கும் டின் பாலைக் கரைத்துச் சங்கில் ஊற்றினால், வாயில் வாங்கி அப்படியே வழியவிட்டுவிடுவாள். அம்மா வந்தாக வேண்டும். அம்மாவோ ஓடைக்கு அந்தப் பக்கம், மர வரிசைகளில் கடைசி நிரையில் பால் வெட்டிக்கொண்டிருப்பாள்.

வெட்டு முடிந்து, மரத்தில் வைத்த மங்குக் கிண்ணங்களில் ரப்பர்ப் பால் சொட்டி நிறையும் வரை வெட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு உண்டு. மற்றப் பெண்கள் அப்போது வெற்றிலை போட்டுக் கதை பேசுவார்கள். செல்லம் ஒருநாள் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஓடினாள். ஓடையைக் கடக்கத் தூரத்துப் பாலத்தைச் சுற்றிப் போய்த் திரும்புவதற்குள் மங்குகளில் பாலெல்லாம் உறைந்துவிட்டது. வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

கால்தான் பாலத்தைச் சுற்ற வேண்டும், சத்தத்துக்குப் பாலம் தேவையில்லை. ஓய்வு நேரத்தில் ரப்பர்க்கொட்டைகள் எங்கோ படபடவென்று வெடிக்கும். அதற்கு நடுவே, ஓடையைத் தாண்டி, மெல்லிசாக ஓர் அழுகை வரும். உடனே மார் கனத்து ரவிக்கை நனைந்துவிடும். மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு, பிள்ளைக்குப் போக வேண்டியதை மண்ணில் பீய்ச்சிவிட்டு அழுவாள். அந்த அழுகையும் இரண்டு நாளாகக் கேட்கவில்லை.

"அழத் தெம்பில்லடி அதுக்கு. இப்படியே போனா பிள்ள தங்காது" என்றாள் கருப்பாயி, ஒளிக்காமல்.

கொட்டகை வாசலில் போய் முடிகிற நிரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வெள்ளையம்மாவுடையது. வெள்ளையம்மா கங்காணி ஐயாசாமியின் தங்கை. பிள்ளைகுட்டி இல்லாதவள், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவள். செல்லம் அன்று சாயங்காலமே கங்காணியிடம் போய் அந்த நிரையைக் கேட்டாள். ஊரையே அதட்டுகிற மனுஷன் அன்றைக்கென்று குரலைத் தாழ்த்தினார்.

"அது அவளுக்குன்னு வச்சது. அத மட்டும் கேக்காத தாயி."

தங்கச்சி என்றால் மட்டும் ரத்தம் துடிக்கிறதாக்கும் என்று செல்லம் வயிறெரிந்தாள். தாயி என்று கூப்பிட்ட வாய்க்கு ஒரு தாய்க்கு நிரை கொடுக்க மனசில்லையே.

மறுநாள் பனி கண்ணை மறைத்தது. ராத்திரி முழுக்கப் பிள்ளையை மார்மேல் போட்டுக்கொண்டு விழித்திருந்தவளுக்கு, நடப்பது தானா வேறு யாராவதா என்றே தெரியவில்லை. வழி பிரியும் இடத்தில் கால் தானாகத் திரும்பியது. மரம் வந்தது. பட்டையில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்தாள், உளியை இழுத்தாள், மங்கு வைத்தாள். அடுத்த மரம் பனியிலிருந்து தானே முன்னால் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஓடை ஏன் இன்னும் வரவில்லை என்று ஒரு தரம் தோன்றியது, தோன்றி மறைந்தது. கடைசி மரத்தைத் தாண்டிப் பார்த்தால் அடுப்புப் புகை. புகைக்குள் கொட்டகையின் அத்தாப்பு ஓலைக் கூரை.

செல்லத்துக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்துவிட்டது. வெள்ளையம்மாவின் மரங்களையல்லவா வரிசையாக வெட்டிவிட்டு வந்திருக்கிறாள்!

வெட்டிய மரத்தை அன்றைக்கே மறுபடி வெட்ட முடியாது. ஓடைக்கு அந்தப் பக்கத்து நிரையோ உளி படாமல் கிடக்கிறது, வெயில் ஏறினால் பால் இறங்காது. கங்காணி கத்திக்கொண்டே வந்தார். பின்னால் வந்த வெள்ளையம்மா, சொட்டிக்கொண்டிருந்த தன் மரங்களைப் பார்த்தாள், செல்லத்தின் நனைந்த ரவிக்கையைப் பார்த்தாள்.  வாளிகளை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தாள். கங்காணி சத்தத்தை விட்டுவிட்டு, வேண்டாம் புள்ள, வேறு ஆளை அனுப்புகிறேன் என்று கெஞ்சியபடி பின்னாலேயே போனார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

செல்லம் கொட்டகைக்குள் ஓடினாள். சந்திரமதிக்கு முதலில் சப்பக்கூடத் தெம்பில்லை. உதட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்த பிறகுதான் வாய் அசைந்தது. அப்புறம் பிடித்தாள் பாருங்கள், அப்படி ஒரு பிடி. செல்லத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அப்போதுதான் கருப்பாயி சொன்னாள். கடைசி நிரை முன்பு வெள்ளையம்மாவுடையதாம். அவளும் கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்க அங்கிருந்து ஓடிவரப் பார்த்தவள்தானாம். அந்தப் பையன் தங்கவில்லை. அந்த நிரை முடிகிற மேட்டில்தான் புதைத்தார்கள். தங்கை கண்ணில் அந்த மேடு படவே கூடாதென்றுதான் அண்ணன் அவளை ஓடை தாண்டவிடாமல் வைத்திருந்தார். தோட்டத்துக்குப் புதிதாக வாழ வந்த செல்லத்துக்கு இது எப்படித் தெரியும்? நேற்று வயிறெரிந்ததை நினைத்து வெட்கிப்போனாள்.

வெள்ளையம்மா அன்று வாளி நிறையப் பாலோடும், வீங்கிய கண்ணோடும் திரும்பினாள்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி ஆளுக்கொரு நிரையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தன் முறை வருமுன்னே வெள்ளையம்மா பேசினாள்.

"அண்ணே, ஓடைக்கு அந்தப் பக்கம் நான் போறேன். அங்க ஒருத்தன் ரொம்ப நாளா தனியா கெடக்கான்."

கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இனிமேல் கொட்டகைப் பக்கத்து நிரை எப்போதும் கைப்பிள்ளைக்காரிக்குத்தான் என்று அவர் சொன்னபோது, பின்வரிசைக்குக் கேட்கவேயில்லை. செல்லம் வெள்ளையம்மாவின் கையைப் பிடித்தாள்.

"பிள்ளைக்குப் பசிக்கப் போவுது, போடி" என்று கையை உருவிக்கொண்டு அவள் பனிக்குள் போய்விட்டாள்.

ஓய்வு நேரத்தில் செல்லம் கொட்டகை வாசலில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். ஓடைக்கு அப்பாலிருந்து ஒரு தாலாட்டு வந்தது. பாடிப் பழக்கம் விட்டுப்போன குரல், ஆங்காங்கே உடைந்து உடைந்து சேர்ந்தது. சந்திரமதி மாரை விட்டுவிட்டு, அந்தப் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டாள்.

யாருக்குப் பாடுகிறாள் என்று செல்லத்துக்குத் தெரியும். ஆனாலும் தூங்கிப்போனது சந்திரமதிதான்.