வாக்குக் கேட்டுப் போனவர்

தென்கிழக்கு லண்டனில் உள்ளூராட்சிக் கவுன்சில் வாடகைக்கு விட்டிருந்த அந்தப் பதினேழு மாடிக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதா என்று வாக்கெடுப்பு வந்தபோது, குடியிருப்பாளர் சங்கச் செயலாளராக இருந்தவர் யாக்கோப்பு. பஸ் ஓட்டுபவர், பன்னிரண்டாம் மாடி. மாதத்தில் பாதி நாள் லிப்ட் ஓடாது. சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். அந்த ஈரத்தில் மகளுக்கு மூச்சிழுப்பு வந்து இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இடிப்பதுதான் சரி என்று அவர் மனதார நம்பினார்.

ஷிப்ட் முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் கதவு கதவாகத் தட்டினார். ஒன்பதாம் மாடியில் தனியே இருந்த கிளறிற்றா மட்டும் பிடிகொடுக்கவில்லை. மன்னாரிலிருந்து தொடங்கி இடம்பெயர்ந்தது போதும், இனி ஏலாது என்றாள். கோயிலும் டாக்டரும் நடக்கிற தூரத்தில் இருப்பதைச் சொன்னாள்.

"அக்கா, கவுன்சில்காரர் எழுத்திலை தந்திருக்கினம். மூண்டு வருசத்திலை எல்லாரும் திரும்பி வாறம். நான் பொறுப்பு," என்றார் யாக்கோப்பு.

அந்தக் கடைசிச் சொல்லை நம்பித்தான் அவள் ஓம் என்று வாக்குப் போட்டாள்.

இடிப்பதென்று முடிவாகி, வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. யாக்கோப்புக்குத் தெற்கு லண்டன் மோர்டனில் தற்காலிக வீடு கிடைத்தது. கிளறிற்றாவுக்கு லண்டனுக்குள் ஒன்றுமில்லை என்று, வடக்கே ஒரு கடலோர ஊரில் சின்ன வீடொன்று கொடுத்தார்கள். தமிழில் ஒரு சொல் பேச அங்கே ஆளில்லை. ஞாயிறுதோறும் யாக்கோப்புக்குப் போன் எடுத்து, வேலை எந்த மட்டில் நிற்கிறது என்று விசாரிப்பாள்.

கட்டடத்தை இடித்தார்கள். ஐந்தாம் வருடம், கட்டவந்த கம்பனி கைவிட்டுப் போனது. சுற்றிவர வேலி, உள்ளே புல். பிறகு வந்த திட்டத்தில் பழைய ஆட்களுக்கு இடமில்லை என்று கூட்டத்தில் அறிவித்தார்கள். யாக்கோப்பு கவுன்சில் தந்திருந்த பழைய கடிதத்தை நீட்டினார். அதிகாரி அதைப் பொறுமையாக வாசித்தாள். இது உத்தரவாதம் இல்லை, அன்றைக்கு இருந்த நோக்கம் மட்டும்தான் என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த ஞாயிறும் போன் வந்தது. பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"அக்கா, இனி வீடில்லை. ஒருத்தருக்கும் இல்லை."

"அப்ப நான் இஞ்சைதான் சாகவேணும், என்ன தம்பி?" என்று கேட்டாள். அவள் ஏசியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அவர் எடுத்தும் பதிலில்லை. மூன்றாம் கிழமை லீவு போட்டு ரயிலேறிப் போனார். கிளறிற்றா கதவைத் திறந்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, மகளின் சுகம் விசாரித்தாள். வீட்டைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. திரும்பிப் போகும் நாளுக்கென்று இத்தனை வருடமாகப் பிரிக்காமல் வைத்திருந்த பெட்டிகளையெல்லாம் பிரித்து, சாமான்களை அலுமாரியில் அடுக்கியிருந்தாள்.