மிர்த்தோ வீட்டு வாசலில் கடல்

ஆலிவ் பறிப்புக்குப் பதினோரு நாள் இருக்கையில், ஒரு முற்பகலில், மெலாந்தா ஊரின் கடல் துறைமுகத்தை விட்டுப் போனது. புயலோ நில அதிர்வோ இல்லை. வேலை முடிந்து கிளம்பும் ஆள் மாதிரி அவசரமில்லாமல் பின்வாங்கி, சாப்பாட்டு வேளைக்குள் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டது. இருபத்துமூன்று படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. அன்றைக்குச் சேற்றில் கிடந்த மத்தி மீன்களைக் கேட்பாரில்லாமல் கழுதைகளுக்கு அள்ளிப் போட்டார்கள், கழுதைகள் தின்னவில்லை. இரண்டு வளைகுடா தள்ளியிருந்த ஊர்க்காரர்களின் கடல் அதனிடத்திலேயே இருந்தது. மெலாந்தாவின் கடல் மட்டும்தான் போயிருந்தது. முதல் நாள் ஜனங்கள் கடலடி மண்ணில் நடந்து, என்றைக்கோ விழுந்த வெண்கலச் சட்டிகளையும் நங்கூரக் கற்களையும் பொறுக்கி வந்தார்கள். மூன்றாம் நாள் நாற்றம் எடுத்தது. அதற்குப் பிறகுதான் கிரித்தோனுக்கு ஆள் அனுப்பினார்கள்.

பலி கொடுப்பது பூசாரியின் வேலை. தெய்வம் ஏன் அப்படிச் செய்தது என்று சொல்வது கிரித்தோனின் வேலை. அவன் அப்பாவும் அதைத்தான் செய்தார். ரொட்டி சுடும் ஸ்கோபாஸின் வீட்டின்மேல் மட்டும் நாற்பது நாள் மழை பெய்தபோது, சீயுஸ் தெய்வமே பிச்சைக்காரர் வேடத்தில் வந்ததாகவும் ஸ்கோபாஸ் பழைய ரொட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டதாகவும் கிரித்தோன் சொன்னான். ஸ்கோபாஸ் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான். பிச்சைக்காரருக்குப் பழைய ரொட்டி கொடுக்காத கடைக்காரன் யார்? அவன் புது ரொட்டி கொடுக்கத் தொடங்கினான். மழையும் ஒருநாள் நின்றது. ஹீராவின் கோயில் மயில்கள் ஒரே பகலில் தோகை உதிர்த்ததற்கும், ஒரு மாலுமியின் நிழல் அவனுக்கு முன்பே துறைமுகத்துக்கு வந்து சேர்ந்ததற்கும் கிரித்தோனிடம் காரணம் இருந்தது. ஒவ்வொரு மனிதனும் எதற்கோ ஏற்கனவே கூனிக் குறுகிக்கொண்டுதான் இருக்கிறான், அதைக் கண்டுபிடித்துத் தெய்வத்தின் பெயரோடு முடிச்சுப் போட்டால் போதும் என்பதை அவன் முப்பது வயதுக்குள் கற்றிருந்தான். அதைப் பொய் என்று அவன் நினைத்ததில்லை.

கடலுக்காகக் கறுப்புக் காளை ஒன்றைப் பலியிட்டார்கள். ஈரலை எடுத்துக் கிரித்தோனின் கையில் வைத்தார்கள். அவன் அதைப் புரட்டிப் பார்த்தான். மடிப்புகள் சரியாக இருந்தன, பித்தப்பை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நன்றாகத் தின்று வளர்ந்த காளையின் ஈரல் அது. அதற்குமேல் அதில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஊரே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஏழு படகுகளின் சொந்தக்காரனும் சபையில் முதலில் பேசுபவனுமான ஹெர்மோன் பொறுமையிழந்து, "என்னய்யா, சமைக்கப்போறியா அதை? யார்மேல கோவம்னு சொல்லு" என்றான்.

கிரித்தோன் தலை நிமிர்ந்தபோது கூட்டத்தின் ஓரத்தில் மிர்த்தோ நின்றிருந்தாள். கடற்பஞ்சு எடுக்க மூழ்குபவனின் மனைவி. முந்தைய வருஷம்தான் அவன் மூழ்கி மேலே வரவில்லை. அடுத்து வந்த, கடல் தெய்வம் பொசைடனின் விழாவில் எல்லோரும் வாற்கோதுமை அடையைக் கடலில் போட்டபோது அவள் கையை மடக்கிக்கொண்டு, "நான் போட வேண்டியத ஏற்கனவே போட்டாச்சு" என்றாள். அதைப் பலர் கேட்டிருந்தார்கள். கிரித்தோன் அவள் பெயரைச் சொன்னான். அவளுக்கு அண்ணன் தம்பி இல்லை, அப்பா இல்லை, நாளைக்குத் தன் கதவைத் தட்டிக் கேட்க ஒருவரும் இல்லை என்பது பெயரைச் சொல்வதற்கு முன்பே அவன் மனதில் ஓடியது. பின்னாளில் எத்தனையோ முறை அந்தக் கணத்தைப் புரட்டிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அந்த எண்ணம்தான் முதலில் வந்தது, பெயர் பிறகுதான்.

ஊரை விட்டுப் போகச் சொன்னபோது மிர்த்தோ சண்டை போடவில்லை. "என் பொண்ணு?" என்று மட்டும் கேட்டாள். ஆறு வயது தியானோ அப்பாவின் குடும்பத்துக்கு உரியவள் என்பது சட்டம். கணவனின் அண்ணன் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டான். வீட்டையும் அவனே எடுத்துக்கொண்டான். மிர்த்தோ ஒரு கழுதையோடு எல்லைக் கல்லைத் தாண்டி, இரண்டு நாள் நடந்து, மலைமேல் ஆடு மேய்ப்பவர்கள் வாழும் பித்யூசாவில் கைவிடப்பட்ட ஒரு கல்வீட்டில் குடியேறினாள்.

அவள் போன எட்டாம் நாள் பித்யூசாவிலிருந்து ஓர் ஆட்டுக்காரர் பாலாடைக் கட்டி விற்க வந்தார். விற்று முடித்து, முகம் கழுவி, பிறகு சந்தையில் பொதுவாகக் கேட்டார்: "எங்க ஊர்ல ஒரு கடல் வந்து நிக்குது. உங்களோடதா பாருங்க."

போய்ப் பார்த்தவர்கள் தங்கள் கடல்தான் என்று அடையாளம் கண்டார்கள். துறைமுக முனையில் ஹெர்மோன் தொலைத்த சிவப்பு மிதவைகூட அதில் ஆடிக்கொண்டிருந்தது. மலைச்சரிவில் பைன் மரங்களுக்கு நடுவே, எதிர்க்கரை தெரியாத அகலத்தில், கடல் மிர்த்தோவின் வீட்டு வாசல்வரை வந்திருந்தது. நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கியது. ஏற்றத்தின்போதும் வாசற்படிக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிடும்; படி ஒருநாளும் நனைந்ததில்லை. ஆடுகள் ஒரு வாரம் திகைத்து, பிறகு மேலே உள்ள சுனைக்குப் போகப் பழகிக்கொண்டன.

மெலாந்தாவில் மறுபடி சபை கூடியது. ஹெர்மோன் வியாபாரி; அவனுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "அந்தப் பொம்பள போன இடத்துக்குக் கடல் போயிருக்கு. அவளைத் திருப்பிக் கூட்டிட்டு வந்தா அதுவும் வந்துடும். கோவம்னு சொன்னியே கிரித்தோன், கோவக்காரன் வாசப்படிய நனைக்காம நிப்பானா?" என்று கேட்டான்.

பதில் சொல்ல வேண்டிய இடம் அதுதான். எனக்குத் தெரியவில்லை, முதலிலும் தெரியவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். கிரித்தோனின் வாய் அதற்காகத் திறந்தது. ஆனால் முன்வரிசையில் ஸ்கோபாஸ் உட்கார்ந்திருந்தான்; நாற்பது நாள் மழைக்காக இன்னும் புது ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தவன். அவனுக்குப் பின்னால், கிரித்தோன் சொன்ன ஏதோவொரு காரணத்தை நம்பி மகளை வீட்டைவிட்டு அனுப்பியவர்கள், வயலை விற்றவர்கள். கிரித்தோன் சொன்னான்: "அது முற்றுகை. பொசைடன் அவளைச் சுத்தி வளைச்சிருக்கார். யார் அவளைக் கூட்டிட்டு வர்றாங்களோ அவங்க வீட்டையும் சேர்த்து வளைப்பார்." ஹெர்மோன் மெதுவாக உட்கார்ந்தான். மிர்த்தோவைக் கூப்பிட ஒருவரும் போகவில்லை.

கடல் இல்லாத துறைமுகத்தில் எத்தனை நாள் இருக்க முடியும்? இரண்டாம் வருஷம் படகுகளை உருளைக் கட்டைகளில் வைத்து மாடு பூட்டி மலைமேல் ஏற்றினார்கள். நான்காம் வருஷம் வலை பின்னுபவர்கள் போனார்கள், ஆறாம் வருஷம் பூசாரியும் பலிபீடமும். முற்றுகைக்குப் பயந்து மிர்த்தோவின் வீட்டைச் சுற்றி ஐம்பது அடி விட்டுக் குடிசை போட்டார்கள். அவளிடம் யாரும் பேசவில்லை. அவள் உப்பு எடுத்து விற்றாள். ஒரு கல்லின்மேல் உப்பை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பாள், வாங்குபவர்கள் காசை வைத்துவிட்டு எடுத்துக்கொள்வார்கள். கிரித்தோனும் வந்து சேர்ந்தான். ஜனங்கள் இருக்கும் இடத்தில் காரணமும் வேண்டியிருந்தது. அவன் குடிசை அந்தக் கல்லைப் பார்த்தபடி இருந்தது. அதை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. காலியாக இருந்த இடம் அதுதான்.

அந்த வருஷங்களில் கிரித்தோன் தனக்குள் ஒரு புதிய காரணத்தை வளர்த்தான். பொசைடன் அவள்மேல் கோபப்படவில்லை. அவள் துக்கத்துக்கு இரங்கித் துணைக்கு வந்திருக்கிறார். வாசற்படியை அவர் நனைக்காதது மரியாதை. இந்தக் காரணம் மற்ற எல்லாவற்றையும்விடப் பொருத்தமாக இருந்தது. பொருந்தப் பொருந்த அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தெய்வமே துணைக்கு வந்த ஒருத்தியின் பக்கத்தில் ஒரு மனிதரும் போகாமல் செய்தவன் தான் என்றாகிவிட்டது.

பதினோராம் வருஷம் பெரியப்பன் வீட்டாரோடு தியானோ மலைக்கு வந்தாள். பதினேழு வயது, கல்யாணமாகி நான்கு மாதம், நல்ல உரத்த குரல். வந்த மறுநாள் உப்பு வாங்கக் கல்லருகே போனாள். புது ஆள் என்பதால் வழக்கம் தெரியாமல், தள்ளி நின்றவளைப் பார்த்துக் கத்தினாள்: "ஏம்மா, இதுல பாதி மண்ணால்ல இருக்கு. இந்த வெலைக்கு எவ வாங்குவா?"

மிர்த்தோ அசையாமல் நின்றாள். பிறகு, "மேல இருக்கறத ஒதுக்கிட்டு அடியில எடு. அடியில வெள்ளையா இருக்கும்" என்றாள்.

"குறைச்சுக் குடு."

"நீ வைக்கிறத வை."

தியானோ பேரம் படிந்த திருப்தியோடு உப்பை மடியில் கட்டிக்கொண்டு போனாள். மிர்த்தோ கல்லருகே வந்து, அவள் வைத்த செப்புக் காசை எடுக்காமல் அதன்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கிரித்தோன் தன் கதவருகிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தான். வெயில் ஏறி வாசலைத் தாண்டும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

அந்த வாரமே அவன் சபையைக் கூட்டச் சொன்னான். எல்லோருக்கும் நடுவில் நின்று, ஈரலில் ஒன்றும் இல்லை என்றான். கேட்க ஆளில்லாதவள் என்பதால் அவள் பெயரைச் சொன்னேன் என்றான். முற்றுகை என்றது என் பெயர் கெடாமல் இருக்க என்றான். கல்லெறிவார்கள் என்று எதிர்பார்த்து, மேலாடையைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தான்.

யாரும் கல்லை எடுக்கவில்லை. இப்போது தலையெல்லாம் நரைத்து, பன்னிரண்டு படகுகளுக்குச் சொந்தக்காரனாகியிருந்த ஹெர்மோன் சிரித்தான். "அட போய்யா. நீ அந்தப் பேரைச் சொல்லலேன்னா அவ இங்க வந்திருப்பாளா? கடல் இங்க வந்திருக்குமா? கீழ என்ன மீன் இருந்தது, இங்க என்ன மீன் இருக்கு? பொசைடனுக்கு இடம் மாறணும்னு தோணியிருக்கு. உன் வாயில பொய்ய வச்சதே அவர்தான்." சபை முழுக்கத் தலையாட்டியது. ஸ்கோபாஸ் எழுந்து வந்து கிரித்தோனின் தோளில் மேலாடையைப் போர்த்திவிட்டான். தெய்வம் வாயில் பொய் வைத்த மனிதன் என்பதால், இனி ஒவ்வொரு பொசைடன் விழாவிலும் காளையின் தொடைக்கறி அவனுக்கு என்று தீர்மானம் போட்டார்கள். இப்படிக் காரணம் சொல்ல அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அங்கிருந்து நேராக மிர்த்தோவின் வீட்டுக்கு நடந்தான். அந்த ஐம்பது அடியைத் தாண்டிய முதல் மனிதன் அவன்தான். அவள் உப்பு அள்ளும் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் கேட்டுது," என்றாள் நிமிராமல். "சத்தமாத்தான் பேசினே."

"மன்னிக்கச் சொல்லி வரல."

"நல்லது. மொத தடவ பயந்துட்டே. அது சரி, மனுஷன் பயப்படுவான். ரெண்டாவது தடவ என்ன? ஹெர்மோன் என்னைக் கூட்டிட்டு வரேன்னு நின்னப்ப? அப்ப எம்பொண்ணுக்கு ஆறு வயசுதான். இன்னும் பல்லு விழுந்துட்டிருந்தது அவளுக்கு."

அவன் பலகையின் மறுமுனையைப் பிடிக்கக் குனிந்தான்; அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அதுக்கும் ஒரு தெய்வத்தப் புடிச்சுக்கோயேன். உனக்கா ஆளில்ல?" பலகையைத் திருப்பி மறுபக்கம் தேய்த்தாள். "தியானோகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சபையில சொல்றது சுலபமா இருந்ததோ?"

அவன் போய்ச் சொன்னான். தியானோ வாற்கோதுமை இடித்துக்கொண்டிருந்தாள். அவன் பேசி முடிக்கும்வரை உலக்கையை நிறுத்தவில்லை. "எங்கம்மா செத்துட்டாங்கன்னு சொன்னாங்க" என்றாள். பிறகு, "உப்புல மண்ணு இருக்குன்னு சொன்னேனே அவங்ககிட்ட" என்றாள். உலக்கை அப்போதுதான் நின்றது. அதன்பிறகு அவள் தினமும் சாயங்காலம் அந்த வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். அம்மாவுக்கும் மகளுக்கும் பேசத் தெரியவில்லை. நெத்திலி வரத்து, வலைக் கிழிசல், பிறகு பிறந்த குழந்தைக்குப் பல் முளைத்தது என்று ஊர்ப் பேச்சே பேசினார்கள். விட்டுப்போன பதினோரு வருஷத்தைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை என்று பக்கத்துக் குடிசைக்காரர்கள் சொல்கிறார்கள். மிர்த்தோ கிரித்தோனை மன்னிக்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. விழா நாட்களில் அவன் தொடைக்கறியை வாங்கி, ஊர் பார்க்கக் கடைசித் துண்டுவரை மென்று விழுங்கினான். வேண்டாம் என்றால், அந்த அடக்கத்துக்கும் ஒரு காரணம் சொல்லிவிடுவார்கள்.

தியானோவின் நான்காவது குழந்தை நடக்கத் தொடங்கிய வருஷம் மிர்த்தோ காய்ச்சலில் இறந்தாள். கடல் இனி இங்கே இருக்காது என்று ஊர் முடிவு செய்தது. அவளுக்காக வந்தது, அவள் போனதும் போய்விடும். படகுகளை இறுகக் கட்டினார்கள். பெண்கள் பாத்திரங்களை மூட்டை கட்டினார்கள். கிரித்தோனும் கரையில் வந்து நின்றான். அவனுக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை. அவள் துணைக்கு வந்த கடல் என்பது ஒன்றுதான் அவன் சொல்லாமல் வைத்திருந்த காரணம், அவன் நம்பிய ஒரே காரணம்.

கடல் போகவில்லை. வழக்கமான நேரத்தில் ஏறியது, வாசற்படிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது, வழக்கமான நேரத்தில் இறங்கியது. மூன்று நாள் காத்திருந்தார்கள். யாரும் கிரித்தோனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பான். நான்காம் நாள் காலையில் நெத்திலிக் கூட்டம் கரைக்கு நெருக்கமாக வந்தது. மூட்டைகளைப் பிரித்து வலைகளை எடுத்துக்கொண்டு படகுகள் கிளம்பின.