உப்புப் போடாத சொதி

பிரசாந்தினி தேங்காய்ப்பால் சொதிக்குள் சவர்க்காரம் விட்டாள். பாத்திரம் கழுவுகிற பச்சைத் திரவம்தான். ஒரு துளியைக் கரண்டியில் எடுத்துச் சட்டியின் ஓரமாக விட்டுக் கலக்கியதும் சின்னச் சின்ன நுரையாகக் கிளம்பி வந்தது.

"இப்ப எடுங்கோ மதி அக்கா. இப்பத்தான் அடுப்பிலயிருந்து இறக்கினமாதிரி இருக்கும்."

சவர்க்கார வாசம் மூக்கில் அடித்தது. ஆனாலும் எடுத்தேன். கமெரா என்னுடையது. இத்தாலியில், பலெர்மோவின் கால்சாப் பகுதியில் நான் வேலை செய்கிற வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் மகன் புதிது வாங்கியபோது பழையதை எனக்குத் தந்துவிட்டான். படம் எடுப்பதும், கையில் கிடைத்த தமிழ்ப் புத்தகத்தை வாசிப்பதும்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள். பிரசாந்தினி எழுதுகிறவள். பலெர்மோவில் இருக்கிற எங்கள் பெண்களின் சமையலையும், ஒவ்வொரு கறிக்கும் பின்னால் உள்ள கதையையும் சேர்த்துப் புத்தகம் போடப்போகிறாள். எழுத்து அவள், படம் நான், பிழை திருத்துவதும் நான். அதற்காக மூன்று மாதமாக ஞாயிறு தோறும் ரயில் ஏறிப் பகேரியாவிலுள்ள அவள் வீட்டுக்குப் போய் வருகிறேன்.

இந்த மூன்று மாதத்தில் அந்த வீட்டில் ஒரு வாய் சோறு நான் தின்றதில்லை. தின்கிற மாதிரி அங்கே என்ன இருக்கிறது? நிறம் போய்விடும் என்று கத்தரிக்காயை அரை அவியலில் இறக்குவாள். மினுங்கட்டும் என்று இறாலுக்குப் பச்சை எண்ணெய் பூசுவாள். முந்தநாள் அவித்த இடியப்பத்துக்குத் தண்ணீர் தெளித்து நிமிர்த்தி வைப்பாள். உப்பு மருந்துக்கும் கிடையாது. படத்தில் உப்புத் தெரியவா போகிறது என்பாள். எடுத்து முடிந்ததும் எல்லாம் குப்பைக்குள் போகும்.

"இது சொதிக்குரிய கதை. வாசிச்சுப் பாருங்கோ. உங்களை நினைச்சுத்தான் எழுதினனான்" என்று இரண்டு தாளைத் தந்தாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

வாசித்தேன். சாகக்கிடக்கிற புருஷன் சொதி கேட்கிறான். பெண்சாதி வைத்துக் கொண்டுவந்து ஒரு கரண்டி பருக்குகிறாள். அவன் கண்கலங்கி அவள் கையைப் பிடித்து, "உன்ரை கையாலை குடிக்கிறது அமிர்தமடி, எனக்கு இது போதும்" என்று சொல்லிக் கண்ணை மூடுகிறான்.

அது என் வீடு. அந்தப் புருஷன் என்னுடைய விக்னராஜா.

நடந்தது இதுதான். வயிற்றில் புற்றுநோய். ஒரு கிழமையாக ஒன்றும் வேண்டாமென்றிருந்தவர் திடீரென்று மீன் சொதி கேட்டார். வுச்சீரியாச் சந்தைக்கு ஓடிப்போய் ஒராத்தா மீன் வாங்கி வந்து, தேங்காய் துருவிப் பால் பிழிந்து வைத்தேன். அவசரத்தில் ருசிகூடப் பார்க்காமல் கொண்டுபோய் ஒரு கரண்டி பருக்கினேன். என் சட்டையில் துப்பினார். "சீ, நாறுது. கொண்டு போ" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துப் போய்விட்டார். அந்த இரண்டு நாளும் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. சொதியை அன்றே சட்டியோடு கொட்டிவிட்டேன். மருந்து வாய் ருசியைக் கெடுத்துவிடும் என்று டாக்டர் சொன்னார். எனக்கும் தெரியும். ஆனாலும் அன்று மீன் பழுதோ, பால் திரைந்துபோய்விட்டதோ என்று மூன்று வருடமாக மனம் அரிக்கிறது. சொதி வைப்பதையே விட்டுவிட்டேன். இதைப் பகேரியா ஸ்டேஷன் வாங்கில் குந்தியிருந்து பிரசாந்தினி ஒருத்திக்குத்தான் சொல்லி அழுதேன்.

"அவர் அப்பிடிச் சொல்லேல்லை" என்றேன்.

"தெரியும் அக்கா. ஆனா துப்பினதை எழுதினா ஆர் வாசிப்பினம்? சமையல் புத்தகமெல்லே. ஆக்களுக்கு அருவருக்கும்."

"சவர்க்காரம் அருவருக்காதோ?"

"அது படத்திலை தெரியாது."

"கிழிச்சுப் போடு."

"நீங்கள் வாசிக்கேக்கையே பேஸ்புக்கிலை போட்டிட்டன் அக்கா. என்ரை போனிலையும் ஒரு படம் எடுத்தனான். உங்கட பேரையும் போட்டனான், சந்தோசப்படுவியள் எண்டு. பாருங்கோ, இப்பவே நாப்பது பேர் அழுதிருக்கினம்."

அவளைப் பார்க்கவே எனக்கு அரியண்டமாக இருந்தது. கமெராவைப் பைக்குள் திணித்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வந்தேன்.

ரயில் புறப்பட்டதும் லண்டனிலிருந்து மகள் துசானி போன் எடுத்தாள். தகப்பன் செத்தபோது அவள் நிறைமாதம். வர முடியவில்லை. கடைசியாக அப்பா என்ன சொன்னவர் என்று அன்றிலிருந்து கேட்கிறாள். ஒன்றும் கதைக்கவில்லை என்றே சொல்லி வந்தேன்.

"அம்மா, பேஸ்புக்கிலை பாத்தன். அப்பா அப்பிடியே சொன்னவர்? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

பொய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் விம்மத் தொடங்கிவிட்டாள். "அவர் எல்லாரிலையும் கோவத்தோட போயிட்டாரெண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சனான். நான் வராத கோவமெண்டு. இப்பத்தானம்மா எனக்கு நெஞ்சு ஆறுது."

"ஓம் பிள்ளை" என்றேன். "அப்பிடித்தான் சொன்னவர்."

என் வாயே எனக்கு அருவருத்தது. பிரசாந்தினி ஒரு துளிதான் விட்டாள். நான் போத்தலையே கவிழ்த்துவிட்டேன்.

"அந்தச் சொதிப் படத்தை பிரேம் போட்டு, திவசத்துக்கு அப்பான்ரை படத்துக்கு முன்னாலை வைக்கப்போறன் அம்மா."

"அதை வைக்காதை!"

நான் போட்ட சத்தத்தில் முன்னால் இருந்த கிழவர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"ஏனம்மா?"

"அதுக்கு உப்புப் போடேல்லை. நான் வேறை வைச்சு எடுத்து அனுப்புறன்."

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகமுன் வுச்சீரியாவில் மீன் வாங்கினேன். அதே கடை, அதே மீன். மத்தியானம் வந்து தேங்காய் துருவினேன். வெந்தயம், பச்சை மிளகாய், வெங்காயம், கடைசியில் இறக்கித் தேசிக்காய்ப் புளி. படத்தில் ஆவி படிந்து சொதி மங்கலான மஞ்சளாக விழுந்தது. நுரையுமில்லை, மினுக்கமுமில்லை. அப்படியே துசானிக்கு அனுப்பினேன்.

பிறகு ஒரு கரண்டி அள்ளி முதலில் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். வாயில் விட்டேன். மீன் பதமாக வெந்திருந்தது. உப்பும் புளியும் அளவாக இருந்தன. இன்னொரு கரண்டி குடித்தேன். அன்றைக்கும் இதே கைதான் வைத்தது, இதே அளவுதான்.

சுவரில் இருந்த அவருடைய படத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"இஞ்சாருங்கோ" என்றேன். "நாறேல்லை."